வெடிக்காத கண்டன்சருக்கு ஒரு வாழ்த்து

வீட்டில் சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களுக்குக் கணினித் திரையில் கிடைக்கும் பவர் சப்ளையைப் போல ஒன்று சென்னை ரிச்சி தெரு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அதன் கண்டன்சரைப் பிளஸ், மைனஸ் மாற்றிப் போட்டாலும் வெடிக்காது. 4700 மைக்ரோஃபாரட் என்று மதிப்பைத் தட்டிவிட்டால் போதும், எந்தக் கால் பிளஸ் என்று அது கேட்பதே இல்லை. டயோடும் அப்படித்தான். எல்டிஸ்பைஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளில் எந்த மாடல் பெயரும் கொடுக்காமல் வெறும் டயோடை எடுத்து வைத்தால், தலைகீழ் வோல்டேஜ் எவ்வளவு வந்தாலும் தாங்கிக்கொள்ளும். அதன் தாங்கும் எல்லை முடிவிலி. வயருக்கு ரெசிஸ்டன்ஸ் கிடையாது. கிரவுண்டு என்பது தலைகீழாகத் தொங்கும் ஒரு சின்ன முக்கோணம். அதைப் படத்தில் பத்து இடத்தில் போட்டாலும் பத்தும் ஒரே புள்ளிதான்.

அங்கே நிலவும் தட்பவெப்பமும் இதமானது. ஸ்பைஸ் வழிவந்த மென்பொருள்களில் நாமாக மாற்றாதவரை வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ். புதுச்சேரியில் மார்கழியிலும் தையிலும் கிடைக்கும் அந்தச் சுகம் திரைக்குள் ஆண்டு முழுதும் உண்டு. மே மாதத்தில் வீதியில் 38, 39 டிகிரி காய்ந்து, மூடிய தகரப் பெட்டிக்குள் அதைவிட இருபது டிகிரி கூடுதலாகப் புழுங்கினாலும் திரைக்குள் இருக்கும் கண்டன்சருக்கு வியர்ப்பதில்லை. உப்புக் காற்று பட்டு டெர்மினல் பச்சை பூப்பதில்லை. ட்ரான்ஸ்பார்மர் உறுமுவதில்லை. புதிதாக இணைத்த சர்க்யூட்டை முதல் தடவை ஆன் செய்யும்போது நம் மெக்கானிக்குகள் லைனில் ஒரு சீரிஸ் பல்பை மாட்டி, அது மங்கலாக எரிகிறதா, பளீரென்று எரிகிறதா என்று மூச்சைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்தப் பதற்றமும் அங்கே தேவையில்லை.

இதில் ஒரு சொல்லும் மிகை இல்லை. அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாரும் மிகையாக எதுவும் சொல்லவில்லை. புறநானூற்றின் 95ஆம் பாடல் அது. தொண்டைமானின் வேல்கள் பீலி அணிந்து, நெய் பூசிக் காவல் உள்ள மனையில் இருக்கின்றன என்றார்; அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன என்றார். இரண்டும் கண்ணால் கண்ட உண்மை. திரைக்குள் இருக்கும் பவர் சப்ளையை நான் பாராட்டுவதும் அந்த வகைப் பாராட்டுதான். சொல்வது அத்தனையும் உண்மை என்பதால்தான் எனக்கு அதில் கவலை இருக்கிறது.

இந்தச் சிமுலேஷன் மென்பொருளுக்கு ஒரு கௌரவமான பிறப்பு உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் லாரன்ஸ் நேகல் உருவாக்கிய ஸ்பைஸ் 1973இல் வெளியுலகுக்கு வந்தது. பெயரிலேயே ஐசிக்கு முக்கியத்துவம் கொடுத்திருந்தார்கள். காரணம் எளிது. நகக்கண் அளவுச் சிலிக்கான் துண்டுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரைத் தனியாகப் பிடுங்கி மேஜையில் வைத்து மீட்டர் முனையால் தொட முடியாது. போர்டில் செருகிப் பார்த்தால் நடத்தையே மாறிவிடும். அதனால் கணக்கிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் இருந்தது. கையால் தொட முடியாத இடத்துக்காகப் பிறந்த அற்புதமான கருவி அது. 1999இல் லீனியர் டெக்னாலஜி நிறுவனத்திலிருந்து மைக் எங்கல்ஹார்ட்டின் எல்டிஸ்பைஸ் இலவசமாக வந்தது. அதன் பிறகு லாஸ்பேட்டையில் மாடி அறையில் உட்கார்ந்திருக்கும் கல்லூரி மாணவருக்கும் அதே கருவி கிடைத்தது. ஆனால் அவர் முன்னால் மேஜையில் இருப்பது கைக்கு அடக்கமான ட்ரான்ஸ்பார்மர். அதைத் தொடலாம், தூக்கலாம், திருகலாம், மீட்டர் வைக்கலாம். அளந்து பார்க்க எல்லா வசதியும் இருக்கும் இடத்தில், அளக்கவே முடியாத இடத்துக்காகப் பிறந்த கருவியை மட்டும் வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிட முடிகிறது என்பது அந்தக் கருவி நமக்குத் தந்திருக்கும் பெரிய சௌகரியம்.

ஐசி செய்கிறவர்கள் அந்தச் சௌகரியத்தை ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு சிலிக்கான் தகட்டிலும் சோதனைக்கென்றே டிரான்சிஸ்டர்களைத் தனியாகச் செய்து வைத்து, அவற்றை அளந்து, அந்த அளவிலிருந்துதான் மாடலுக்கான எண்களை எடுக்கிறார்கள். மாடல் என்று நாம் இறக்கிக்கொள்ளும் நாலு வரிக் கோப்புக்குப் பின்னால் ஓர் அளவைக்கூடமே நிற்கிறது.

சிமுலேஷனிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் அதன் பணிவு. நாம் சொன்னதை அப்படியே கேட்கும், மறுபேச்சுப் பேசாது. ட்ரான்ஸ்பார்மர் 14 வோல்ட் என்றால் சரி என்று சொல்லும். இழுத்தால் இறங்குமா, எவ்வளவு இறங்கும் என்று ஒரு வார்த்தை கேட்காது. இந்தப் பணிவு எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒரு கணக்கை வைத்தே காட்டலாம்.

கிளாஸ் ஏ வகை ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் ஒன்றுக்கு 12 வோல்ட் ரெகுலேட்டட் சப்ளை வேண்டும். அது ஓயாமல் 1.5 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். கடையில் 12 வோல்ட், 3 ஆம்ப்ஸ் என்று எழுதிய ட்ரான்ஸ்பார்மர் வாங்கியாயிற்று. லோடு எதுவும் இல்லாமல் மல்டிமீட்டர் வைத்தால் 14 வோல்ட் காட்டுகிறது. சின்ன ட்ரான்ஸ்பார்மர்களில் இது வழக்கம்தான். முழு லோடில் 12க்கு இறங்கட்டும் என்று சில சுற்று கூடுதலாகவே சுற்றியிருப்பார்கள். மீட்டர் காட்டிய அந்த 14ஐத் திரையில் கொடுத்து, பிரிட்ஜ் போட்டு, 4700 மைக்ரோஃபாரட் ஃபில்டர் கண்டன்சர் போட்டு ஓட்டிப் பாருங்கள். அலையின் உச்சி 18 வோல்ட்டை ஒட்டியும் பள்ளம் பதினைந்தரையை ஒட்டியும் நிற்கும். எல்.எம்.350 மாதிரியான ரெகுலேட்டருக்கு உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் இடையே இரண்டரை வோல்ட் இடைவெளி போதும் என்று வைத்தால், பள்ளத்தில் பதினாலரை இருந்தால் வேலை நடக்கும். பதினைந்தரை இருக்கிறது. கைவசம் ஒரு வோல்ட் மிச்சம். வெளியே வரும் கோடு ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல நேராக இருக்கும்.

இதே சர்க்யூட் மேஜை மேல் ஏறினால் பள்ளம் 14 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ரெகுலேட்டருக்கு வேண்டிய பதினாலரை கிடைக்காது. நொடிக்கு நூறு தடவை, ஒவ்வொரு பள்ளத்திலும், அது கையை விரித்துவிடும். காதில் ஹம் கேட்கும். மென்பொருளின் கணக்கில் எந்தத் தப்பும் இல்லை. ட்ரான்ஸ்பார்மரின் உள்ளே செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது, அந்தக் கம்பிக்கு ரெசிஸ்டன்ஸ் உண்டு என்ற ஒரே ஒரு செய்தியை நாம் அதற்குச் சொல்லவில்லை. பணிவுள்ள சேவகன் தானாகக் கேட்கவும் இல்லை.

அந்த ரெசிஸ்டன்ஸைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரைமரியில் ஓம் மீட்டர் வையுங்கள். இந்த அளவு ட்ரான்ஸ்பார்மரில் 45 ஓம் போல வரலாம். செகண்டரியில் அப்படி வைத்தால் ஏமாந்துபோவோம். கால் ஓம் அளக்கவேண்டிய இடத்தில் மீட்டரின் வயரே கால் ஓம் இருக்கும். அதற்கு வேறு வழி. ஒரு 5 வோல்ட் மொபைல் சார்ஜர், ஒரு 4.7 ஓம், 10 வாட் வெள்ளைச் சிமென்ட் ரெசிஸ்டர். இரண்டையும் செகண்டரியோடு வரிசையாக இணைத்தால் ஏறக்குறைய 1 ஆம்பியர் ஓடும். ரெசிஸ்டர் சுடும், விரலை வைக்க வேண்டாம். இப்போது மீட்டரை மில்லிவோல்ட்டில் போட்டு, அதன் இரண்டு முனைகளையும் செகண்டரியின் ஈயம் பூசிய கால்களிலேயே நேராக அழுத்துங்கள். கரண்ட் போகும் வயர் வேறு, அளக்கும் வயர் வேறு. அளக்கும் வயரில் கரண்ட் இல்லாததால் அதன் சொந்த ரெசிஸ்டன்ஸ் கணக்கில் நுழையாது. 250 மில்லிவோல்ட் காட்டினால் கால் ஓம். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. சார்ஜரைக் கழற்றும் நொடியில் இரும்புக்குள் தேங்கிய காந்தம் சரிந்து பிரைமரி முனைகளில் பெரிய வோல்டேஜ் ஒன்று சுளீரென்று எழும். அந்த முனைகளில் கை படக் கூடாது. திரைக்குள் இந்த அடி விழாது என்பதையும் வாழ்த்தோடு சேர்த்துக்கொள்கிறேன்.

இனி ஒரு வகுத்தல். 230ஐ 14ஆல் வகுத்தால் சுற்று விகிதம் 16.4. அதன் வர்க்கம் 270. பிரைமரியின் 45 ஓம் செகண்டரிப் பக்கம் வந்து சேரும்போது 45ஐ 270ஆல் வகுத்த அளவாக, அதாவது 0.17 ஓமாகத் தெரியும். செகண்டரியின் சொந்தக் கால் ஓமையும் சேர்த்தால் 0.42 ஓம். இந்த ஓர் எண்ணை வோல்டேஜ் சோர்ஸுக்குப் பின்னால் ஒரு ரெசிஸ்டராக எழுதிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். திரையிலும் பள்ளம் 14 வோல்ட்டுக்கு இறங்கி நிற்கும். கம்பி அலுமினியமாக இருந்தால் எண் இன்னும் ஏறும். செம்பைவிட அதற்கு மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். கடையில் பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன, ஸ்டிக்கரிலும் ஒரே 3 ஆம்ப்ஸ்தான். ட்ரான்ஸ்பார்மர் சூடாகி நாற்பது டிகிரி ஏறினால் செம்பின் தடையும் ஆறில் ஒரு பங்கு கூடும். காலையில் சுத்தமாகப் பாடிய செட் மதியத்துக்கு மேல் முணுமுணுக்கத் தொடங்குவதற்கு இது போதும்.

கரண்ட் விஷயத்திலும் திரை மிகவும் தாராளமானது. ரெசிஸ்டன்ஸ் இல்லாத ட்ரான்ஸ்பார்மர், ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் கண்டன்சருக்கு 15 ஆம்பியருக்கு மேல் ஓர் ஊசிபோல வாரிக் கொடுக்கும். உண்மையான ட்ரான்ஸ்பார்மர் ஆறரை ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். அதன் ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது கம்பியைச் சூடாக்கும் கரண்ட், ஏறக்குறைய 2.8 ஆம்பியர். வெளியே நாம் எடுப்பது ஒன்றரைதான், ஆனால் ட்ரான்ஸ்பார்மருக்குள் ஓடுவது கிட்டத்தட்ட அதன் இரு மடங்கு. ஊசி ஊசியாக ஓடுவதால் வரும் வினை இது. 3 ஆம்ப்ஸ் ட்ரான்ஸ்பார்மரில் 3 ஆம்பியர் டிசி எடுக்கலாம் என்று நம்பி எத்தனை பேர் கட்டியிருக்கிறார்கள், எத்தனை வைண்டிங் வார்னிஷ் வாடை அடித்துக் கருகியிருக்கிறது. திரைக்குள் ட்ரான்ஸ்பார்மருக்கு வாடையே கிடையாது.

இந்த உண்மையெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஓட்டோ ஷேட் 1943இலேயே ரெக்டிஃபயர் பற்றி ஒரு கட்டுரை எழுதி, மொத்த சோர்ஸ் ரெசிஸ்டன்ஸுக்கும் லோடுக்கும் உள்ள விகிதத்தை அடிப்படையாக வைத்து வளைகோடுகள் வரைந்து கொடுத்துவிட்டார். அந்த விகிதம் தெரியாமல் அவருடைய படத்தில் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. வால்வு ஆம்ப்ளிஃபயர்காரர்கள் விரும்பிப் பயன்படுத்தும், டங்கன் மன்ரோ எழுதிய பவர் சப்ளை மென்பொருளும் ட்ரான்ஸ்பார்மரின் ரெசிஸ்டன்ஸைக் கேட்கிறது. கேட்கும் மென்பொருளைவிடக் கேட்காத மென்பொருளில் வேலை சீக்கிரம் முடிகிறது. அதுவும் உண்மைதான்.

கண்டன்சருக்கு வருவோம். திரைக்குள் 4700 என்றால் 4700தான், இன்றும் என்றும். கடைச் சரக்கில் இருபது சதவீதம் கூடுதல் குறைவு என்று தயாரிப்பாளரே அச்சடித்துத் தருகிறார். 3760 இருந்தாலும் அவர் சொன்ன வாக்குக்குள்தான் இருக்கிறார். ஏற்கெனவே 14ஐத் தொட்டுக்கொண்டிருந்த பள்ளம் அதற்கும் கீழே போய்விடும். திரைக்குள் கண்டன்சருக்கு ஆயுள் உண்டு என்ற பேச்சே இல்லை. மேஜை மேல் இருப்பதற்கு உண்டு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று மேலே எழுதியிருக்கும். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரு மடங்கு என்பது இந்தத் தொழிலின் பழைய கணக்கு. அதன்படி 65 டிகிரியில் 32,000 மணி நேரம். அதையே ஹீட்சிங்க்கை ஒட்டி 85 டிகிரியில் வைத்தால் 8000. இடத்தை நாலு விரல் தள்ளி வைத்தால் கூடக்கூடிய ஆயுள் இது. படத்தில் கண்டன்சரை எங்கே வரைந்தாலும் ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு, இஎஸ்ஆர். கண்டன்சருக்குள் ஒளிந்திருக்கும் தொடர் ரெசிஸ்டன்ஸ் அது. வயதாக ஆக, உள்ளே இருக்கும் திரவம் காயக் காய அது ஏறும். கொள்ளளவு ஓரளவு சரியாகக் காட்டும் கண்டன்சர்கூட இஎஸ்ஆரில் செத்துப்போயிருக்கும். புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய செட்டைப் பிரித்த சாமான் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கில் செலவு தேவையில்லை. ஜெர்மனியின் மார்க்குஸ் ஃப்ரெயெக் தொடங்கி வைத்த ஒரு வடிவமைப்பைத் தழுவிய சின்ன டெஸ்டர் போர்டுகள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. கண்டன்சரின் இரண்டு காலையும் செருகினால் கொள்ளளவையும் இஎஸ்ஆரையும் திரையில் எழுதிக் காட்டும். செருகும் முன் கண்டன்சரை ஒரு ரெசிஸ்டர் வழியே வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சார்ஜே டெஸ்டரைக் கொன்றுவிடும். காட்டும் எண்ணைக் கண்டன்சரின் முதுகிலேயே பென்சிலால் எழுதி வைப்பது நல்ல பழக்கம். இரண்டு ஆண்டு கழித்து மறுபடி அளக்கும்போது ஒப்பிட ஒன்று கையில் இருக்கும்.

திரை தரும் மின்சாரத்தைப் பற்றித் தனியாக ஒரு பாராட்டு எழுத வேண்டும். அது கணிதப் புத்தகத்தில் இருக்கும் சைன் அலை. 230 என்றால் 230. அதன் உச்சி சரியாக 1.414 மடங்கு. வீதி மின்சாரம் அப்படி வருவதில்லை. இந்திய மின்சார விதிகள், 1956 வீட்டு இணைப்புக்கு ஆறு சதவீத ஏற்ற இறக்கத்தை அனுமதித்தன. அந்த ஆறைக் கழித்தாலே 216 வோல்ட். வீதியில் உள்ள டிவி, கணினி, எல்இடி பல்பு, சார்ஜர் எல்லாம் பெரும்பாலும் நம்முடையதைப் போலவே பிரிட்ஜும் கண்டன்சரும் வைத்து, அலையின் உச்சியில் மட்டும் கரண்டை உறிஞ்சுகின்றன. எல்லாரும் ஒரே இடத்தில் கடித்தால் உச்சி மழுங்கும். மல்டிமீட்டர் 230 என்றே காட்டும், ஆனால் உச்சி தட்டையாகியிருக்கும். நம் கண்டன்சர் நிரம்புவது உச்சியை நம்பித்தான். மாலை ஏழு மணிக்கு, தெரு முழுக்க டிவி ஓடும் நேரத்தில் லோடோடு அளந்து பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியும்.

கரண்ட் போனால் திரைக்கு ஒன்றும் இல்லை, லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய பிறகும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையேறிய பிறகும் இருட்டில் இருந்தவர்களுக்கு இன்வெர்ட்டரின் அருமை தெரியும். ஆனால் விலை மலிவான இன்வெர்ட்டர் பலவற்றில் வருவது ஸ்கொயர் வேவ். அதன் உச்சியும் ஆர்எம்எஸ் மதிப்பும் ஒன்றே. 14 வோல்ட் செகண்டரியின் உச்சி 19.8இலிருந்து 14க்கு விழும். டயோடு இரண்டும் எடுத்துக்கொண்டது போக 12 சொச்சம் மிஞ்சும். 12 வோல்ட் ரெகுலேட்டர் அதை வைத்துக்கொண்டு எதையும் சீர்செய்ய முடியாது. இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் செட் ஏன் இப்படி இரைகிறது என்று கேட்பவர்களுக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. சிமுலேஷனில் சைன் சோர்ஸை எடுத்துவிட்டுப் பல்ஸ் சோர்ஸை வைத்து ஓட்டினால் இதையும் அழகாகக் காட்டும். கேட்டால் காட்டும். கேட்காததைக் காட்டி நம்மைச் சங்கடப்படுத்தாது.

புதுச்சேரிக்கே உரிய ஒரு கேஸையும் சொல்லிவிடுகிறேன். பழம்பொருள் கடைகளில் வால்வு ரேடியோக்கள் கண்ணில் படும். ஐரோப்பிய செட்டுகளின் பின்புறம் மெயின்ஸ் வோல்டேஜை மாற்ற 110, 130, 220 என்று சின்ன செலக்டர் இருப்பது வழக்கம். 220இல் வைத்துவிட்டு, நடு இரவில் லைன் 240ஐத் தொடும்போது ஓட்டினால், 6.3 வோல்ட் வேண்டிய ஃபிலமென்டுக்கு 6.9 போகும். வால்வுக்குப் பத்து சதவீதம்தான் பொறுமை. அதன் விளிம்பில் நிற்கிறோம். அந்த செட்டுகளின் காகிதக் கண்டன்சர் பெரும்பாலும் கசியும். ஆசையோடு வீட்டுக்குத் தூக்கி வந்து நேராகப் பிளக்கில் செருகுவது அதற்குச் செய்யும் கொடுமை. முதலில் பிரைமரி ரெசிஸ்டன்ஸ், பிறகு கண்டன்சர்களின் கசிவு, பிறகு சீரிஸ் பல்பு. அதற்கு மாடல் எழுதித் திரையில் ஓட்டுவது பிறகு இருக்கட்டும்.

எனக்கு இதில் உள்ள ஆதங்கத்தைத் திறந்தே சொல்கிறேன். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அசெம்பிள் செட் கட்டும் கை என்றொரு பெரிய பாரம்பரியம் இருக்கிறது. 4440 ஐசி போர்டில் தொடங்கி 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி வரைக்கும் போய், கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒலி கொடுத்த கைகள். பள்ளிப் படிப்பைத் தாண்டாத எத்தனையோ மெக்கானிக்குகள் ட்ரான்ஸ்பார்மரைக் கையில் தூக்கிப் பார்த்தே அது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று சொல்வார்கள். லோடு போட்டு, வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்காமல் எதையும் வாங்க மாட்டார்கள். அவர்களிடம் சமன்பாடு இல்லை, அளவு இருந்தது. இன்று வரும் பிள்ளைகளிடம் சமன்பாடு இருக்கிறது, அதைச் செய்து காட்ட இலவச மென்பொருள் இருக்கிறது. இடையில் மீட்டரை எடுத்து வைக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் காணாமல் போகிறது. அது போனால் இருவரின் அறிவும் ஒன்றையொன்று சந்திக்காமலே போய்விடும்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தம்பி தான் கட்டிய ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் ட்ரான்ஸ்பார்மரை அளந்திருந்தார், ரெசிஸ்டன்ஸைச் சரியாகக் கொடுத்திருந்தார், கண்டன்சரையும் 10,000க்கு மாற்றியிருந்தார். ரெகுலேட்டருக்கு வேண்டிய வோல்டேஜ் மேஜையிலும் இருந்தது. ஆனாலும் ஹம்.

"டிராயிங்படிதான் அண்ணா வயர் பண்ணேன். சிமுலேஷன்ல ஒண்ணுமே இல்ல."

"டிராயிங்ல கிரவுண்டு எங்க இருக்கு தம்பி?"

"கீழ இருக்கிற எல்லாமே கிரவுண்டுதானே அண்ணா."

பெட்டியைத் திறந்தால் பிரிட்ஜின் மைனஸிலிருந்து கண்டன்சரின் மைனஸுக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளத்தில் அரை சதுர மில்லிமீட்டர் வயர். ஆம்ப்ளிஃபயர் போர்டின் கிரவுண்டை அவர் பிரிட்ஜின் காலிலிருந்து எடுத்திருந்தார். பக்கத்தில் இருந்தது, ஈயம் வைக்க வசதி. அந்தப் பத்து சென்டிமீட்டர் வயருக்கு மூன்றரை மில்லிஓம் ரெசிஸ்டன்ஸ். கண்டன்சர் நிரம்பும் ஆறரை ஆம்பியர் ஊசி முழுவதும் அதன் வழியாகத்தான் திரும்புகிறது. பெருக்கினால் 22 மில்லிவோல்ட், நொடிக்கு நூறு தடவை. கண்டன்சரின் மைனஸும் பிரிட்ஜின் மைனஸும் ஒரே புள்ளி இல்லை. இரண்டுக்கும் நடுவே 22 மில்லிவோல்ட் உயர ஊசிகள். காதை ஒட்டி இருக்கும் ஹெட்ஃபோனில் அது தெளிவாகக் கேட்கும்.

வயரை பிரிட்ஜிலிருந்து எடுத்து, கண்டன்சரின் மைனஸ் காலில் வைத்துப் பற்றவைத்தார். ஹெட்ஃபோனை மாட்டி, வால்யூமை முழுதும் திருப்பி, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு லேப்டாப்பைத் திறந்து சர்க்யூட் படத்தைப் பார்த்தார். அதில் திருத்துவதற்கு எதுவும் இல்லை. மாற்றுவதற்கு முன்பும் அந்தப் படம் சரியாக இருந்தது, மாற்றிய பிறகும் சரியாகவே இருக்கிறது.